லோ நியூட்டன்: கடல் வற்றும் நேரம் பார்த்துப் போக வேண்டிய கரை – முழுமையான வழிகாட்டி

லோ நியூட்டன்-பை-த-சீ என்ற ஊருக்குள் வெளியூர்க்காரர்களின் கார் போகாது. மேட்டில் இருக்கும் கட்டண நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு, சரிவில் ஐந்து நிமிடம் இறங்கி நடக்க வேண்டும். இறங்கியதும் ஒரு சிறு புல்வெளி. அதன் மூன்று பக்கமும் வெள்ளையடித்த தாழ்வான வீடுகள், ஒரு காலத்தில் மீனவர்கள் குடியிருந்தவை. நான்காவது பக்கம் கடல். ஊர் என்று சொல்ல ஏறக்குறைய அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில், நார்தம்பர்லாந்து மாவட்டக் கரையில் இருக்கிறது இந்த ஊர். தெற்கே எம்பிள்டன் விரிகுடா பிறை போல் வளைந்து கிடக்கிறது. அந்தப் பிறையின் மறுமுனையில் டன்ஸ்டன்பரோ கோட்டையின் இடிபாடு. கோட்டைக்கும் தெற்கே கிராஸ்டர் என்ற மீன்பிடித் துறை. கிராஸ்டரிலிருந்து லோ நியூட்டன் வரை கரையோரமாக ஏறத்தாழ 6 கிலோமீட்டர். போய்வர 12. இந்த வழிகாட்டி அந்த ஒரு நாள் நடையைப் பற்றியது.

நான் முதன்முதலில் இங்கே வந்தபோது ஓர் ஆகஸ்ட் மாத நண்பகல். கடல் முழுவதும் ஏறியிருந்தது. நான் கேள்விப்பட்டிருந்த அகன்ற மணல்வெளி தண்ணீருக்கு அடியில் கிடந்தது. மணல்மேட்டை ஒட்டி எஞ்சியிருந்த சிறு பட்டையில் இருபது குடும்பங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. ஏமாற்றத்தோடு திரும்பினேன். இரண்டு மாதம் கழித்து, கடல் வற்றிய ஒரு காலையில் மறுபடி வந்தபோதுதான் இது எப்பேர்ப்பட்ட கரை என்று புரிந்தது. அதனால் இங்கே வர நினைக்கும் எவரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: கடிகாரத்தைப் பார்க்கும் முன் கடல் வற்றும் நேரத்தைப் பாருங்கள்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது

இந்தக் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கும். அந்த நாள்களில் மணல் வெகுதூரம் வெளியே தெரியும், பாறைத்திட்டுகள் தலைதூக்கும்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த ஓரிரு நாள்களில், இந்தப் பகுதியில் பகல்நேர வற்று முற்பகலில் வரும். கோடைக்கால நேரப்படி கிட்டத்தட்ட 10 அல்லது 11 மணி. நடையாளனுக்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. காலையில் கிராஸ்டரில் கிளம்பினால், கோட்டையைக் கடந்து விரிகுடாவில் இறங்கும்போது மணல் முழுவதும் உங்களுக்காகத் திறந்து கிடக்கும். ஒரு வாரம் கழித்துப் போனால் வற்று பிற்பகலுக்குப் போய்விடும், நீரும் அவ்வளவாக இறங்காது.

இது பொதுக்கணக்குதான். புறப்படும் முன் அன்றைய ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறும், வற்றும் நேரப் பட்டியலை, கட்டாயம் பாருங்கள். ஓர் எச்சரிக்கை: அச்சிட்ட சில அட்டவணைகள் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை அதோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதை மறந்து தண்ணீரில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

மாதம் எது? என் தேர்வு மே கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை. பள்ளி விடுமுறை வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கரைப்பறவைகள் கூடுகட்டியிருக்கும், மணல்மேட்டில் பூ பூக்கத் தொடங்கியிருக்கும், ஜூனில் இரவு 9.45 மணி வரை வெளிச்சம் இருக்கும். அடுத்து செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். டிசம்பரில் பிற்பகல் 3.40 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். அப்போது வருபவர்கள் நடையைக் கோட்டையோடு முடித்துக்கொள்வது நல்லது.

படி 2: போய்ச் சேர்வது

ரயிலில் வருபவர்களுக்குத் தோதான நிலையம் ஆல்ன்மவுத். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ போகும் கிழக்குக்கரை முதன்மைப் பாதையில் இருக்கிறது. எல்லா ரயிலும் நிற்காது என்பதால் டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நியூகாசிலிலிருந்து அரை மணி நேரம்தான். அங்கிருந்து பஸ். நியூகாசிலிலிருந்து ஆனிக் வழியாகக் கரையோர ஊர்களுக்குப் போகும் எக்ஸ்18 பஸ் கிராஸ்டரையும் எம்பிள்டனையும் தொட்டுச் செல்கிறது. எழுத்தில் பார்த்தால் ‘ஆல்ன்விக்’ என்று படிக்கத் தோன்றும் அந்த ஊரின் பெயரை உள்ளூரில் ‘ஆனிக்’ என்றுதான் சொல்வார்கள். ஓட்டுநரிடம் அப்படியே கேளுங்கள். பஸ்கள் குறைவு, மாலையில் இன்னும் குறைவு. கடைசி பஸ்ஸின் நேரத்தைக் காலையிலேயே குறித்துவைக்க வேண்டும்.

காரில் வருபவர்கள் கிராஸ்டரின் பழைய கல்குவாரிக்குள் இருக்கும் நிறுத்துமிடத்தில் விடலாம். கழிப்பறையும் அங்கே இருக்கிறது. கோடை விடுமுறையில் 10 மணிக்குள் போய்விடுங்கள். இடம் இல்லையென்றால் ஊருக்குள் குறுகிய தெருக்களில் ஓரங்கட்டி நிறுத்த வேண்டாம். அங்கே குடியிருப்பவர்களுக்கு அது அன்றாடத் தொல்லை.

முதியவர்களோ சக்கர நாற்காலியில் இருப்பவர்களோ உடன் வந்தால், கிராஸ்டரை விட்டுவிட்டு நேராக லோ நியூட்டனுக்கே போகலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கீழே, வீடுகளுக்கு அருகில் வண்டி நிறுத்த இடம் உண்டு.

படி 3: பையில் என்ன வைப்பது

நல்ல வெயில் அடித்தாலும் காற்றுத் தடுக்கும் மேலங்கி. நனைந்தாலும் பரவாயில்லை என்ற செருப்பு ஒன்று, பிடிப்புள்ள காலணி ஒன்று. கைபேசியின் மின்னூட்டம் போய்விட்டாலும் கையில் இருக்கும்படி, காகிதத்தில் எழுதிய ஓத நேரம். தண்ணீரும் கட்டுச்சோறும், ஏனென்றால் கிராஸ்டருக்கும் லோ நியூட்டனுக்கும் நடுவே கடையை நம்ப முடியாது. கரையோரக் கடைகளில் மீனும் நண்டும்தான் முதன்மை, சைவம் சாப்பிடுபவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவருவது உத்தமம். புளிசோறு குளிர்ந்த காற்றிலும் கெடாமல், உதிராமல் இருக்கும். இருநோக்கி இருந்தால் கட்டாயம் எடுத்துவாருங்கள்.

கடல்மூடுபனி பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் அதை ‘ஃப்ரெட்’ என்பார்கள். வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும், சற்றே வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடலின் மேல் வரும்போது அதன் ஈரம் பனியாகத் திரண்டு, கிழக்குக் காற்றோடு கரையேறும். ஆனிக்கில் வெயில் கொளுத்தும், கரையில் பத்தடி தள்ளி இருப்பவர் தெரியமாட்டார். சில நாள் ஒரு மணி நேரத்தில் கலைந்துவிடும், சில நாள் இரவு வரை நிற்கும். பனி இறங்கினால் மணலிலிருந்து ஏறி மணல்மேட்டுப் பாதைக்கு வந்துவிடுங்கள். அங்கே வழி தவறாது.

படி 4: கிராஸ்டரில் அரை மணி நேரம்

துறைமுகத்தைப் பார்க்காமல் கோட்டைக்கு ஓடாதீர்கள். 1904ஆம் ஆண்டு திபெத்துக்குச் சென்ற பிரிட்டிஷ் படையெடுப்பில் உயிரிழந்த கேப்டன் ஜான் கிராஸ்டரின் நினைவாக, அவருடைய குடும்பத்தார் 1906இல் கட்டிய துறை இது. கல்குவாரியில் வெட்டிய கருங்கல் இங்கிருந்துதான் கப்பலேறியது. லண்டன் தெருக்களின் நடைபாதை ஓரக்கற்களாக மாறியது இந்தக் கல். துறைச்சுவரின் முனையில் நிற்கும் கனத்த கான்கிரீட் அமைப்பு, கல்லைக் கப்பலில் கொட்டுவதற்காக எழுப்பிய கோபுரத்தின் அடிப்பகுதி. குவாரி 1939இல் மூடப்பட்டது.

கிராஸ்டரின் பெயரைப் பரப்பியது கிப்பர். ஹெர்ரிங் மீனை முதுகுவழியாகப் பிளந்து, உப்புநீரில் ஊறவைத்து, ஓக் மரத்தூள் புகையில் தொங்கவிட்டு எடுப்பது. நம் மத்திக்கு உறவான மீன் ஹெர்ரிங், ஆனால் கிப்பர் கருவாடு அல்ல. கருவாட்டில் வெயிலும் உப்பும் செய்கிற வேலையில் பெரும்பங்கை இங்கே புகை செய்கிறது, சதை மென்மையாகவே இருக்கும். ராப்சன் குடும்பத்தின் புகைக்கூடம் 1856இல் கட்டப்பட்டது. பல தலைமுறையாக அதே கூடத்தில் அதே முறை. உள்சுவர்களில் நூற்றாண்டுப் புகை தாராகப் படிந்திருக்கும். இன்று ஹெர்ரிங் கிராஸ்டர் படகுகளில் வருவதில்லை, வடக்குக் கடல்களிலிருந்து வாங்கி வருகிறார்கள். இப்போதே வாங்கிவிடாதீர்கள், நாள் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கும். கடை அடைக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு நடையைத் தொடங்குங்கள்.

படி 5: கோட்டை வரை

துறைக்கு வடக்கே ஒரு வாயில்கதவு. அதைத் தாண்டினால் புல்வெளிதான். ஆடுமாடுகள் மேயும், கதவைத் திறந்தவர் மூடிவிட்டுப் போக வேண்டும். நாய் கூட வந்தால் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டைக்கு 2 கிலோமீட்டர், ஏற்றம் கிட்டத்தட்ட இல்லை. சாலை எதுவும் கோட்டைக்குப் போகாது. காலால் நடந்தால்தான் உண்டு என்பதே இந்த இடத்தை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

லங்காஸ்டர் பிரபு தாமஸ் 1313இல் இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினான். மன்னன் இரண்டாம் எட்வர்டின் நெருங்கிய உறவினன், அதே மன்னனுக்கு எதிராக நின்றவன். முந்தைய ஆண்டுதான் மன்னனின் பிரியத்துக்குரிய கேவ்ஸ்டன் கொல்லப்பட்டிருந்தான், அந்தக் கொலையில் தாமஸுக்குப் பங்கு உண்டு. மன்னனின் கை எட்டாத தூரத்தில் ஓர் அடைக்கலம் வேண்டும் என்று இந்தக் கடல்முனையைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். 1322இல் அவனது படை வடக்கு நோக்கிப் பின்வாங்கியது. பரோபிரிட்ஜில் மறித்துப் பிடித்தார்கள், பான்டிஃபிராக்டில் தலையை வெட்டினார்கள். கட்டிய கோட்டைக்கு அவன் வந்து சேரவில்லை. 1380களில் லங்காஸ்டர் கோமகன் ஜான் ஆஃப் கான்ட் பழைய வாயிற்கோபுரத்தை அடைத்து அதை உள்கோட்டையாக மாற்றி, பக்கத்தில் வேறு வாயில் வைத்தான். 15ஆம் நூற்றாண்டில் அரியணைக்காக நடந்த ரோஜாப் போர்களில் முற்றுகைகளைச் சந்தித்தபின் கோட்டை மெல்லச் சிதைந்தது.

உள்ளே போகக் கட்டணம் உண்டு. மரபிடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் ஆகிய இரண்டு அமைப்புகளின் உறுப்பினர்களுக்கும் இலவசம். திறந்திருக்கும் நாள்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், குளிர்காலத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. கோட்டையைச் சுற்றித் தாழ்ந்த சதுப்பான புல்தரை இருப்பதைக் கவனியுங்கள். அங்கே செயற்கை நீர்நிலைகள் இருந்தன. நிலத்திலிருந்து வருபவனுக்குக் கோட்டை நீரில் மிதப்பது போலத் தெரிந்திருக்கும்.

கோட்டை நிற்கும் கரும்பாறைக்கு வின் சில் என்று பெயர். ஏறக்குறைய 29.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் பாறை அடுக்குகளுக்கு இடையே புகுந்து இறுகிய எரிமலைக்குழம்பு இது. வடக்கே பாம்பரோ கோட்டையும் ஃபார்ன் தீவுகளும், தெற்கே ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரின் ஒரு பகுதியும் இதே பாறையின் மேல்தான் நிற்கின்றன. மே முதல் ஜூலை வரை கோட்டையின் வடக்குச் செங்குத்தில் கிட்டிவேக் கடற்காக்கைகள் கூடுகட்டியிருக்கும். பார்ப்பதற்கு முன்பே அவற்றின் கூச்சல் காதில் விழும். விளிம்புக்குப் போகாதீர்கள், புல் வழுக்கும்.

படி 6: மணலில் இறங்கும் இடம்

அவசரப்படக் கூடாத இடம் இது. கோட்டையின் அடிவாரத்தில் வடபக்கம் முழுவதும் உருண்டு திரண்ட கருங்கற்கள். கடற்பாசி படிந்து எண்ணெய் தடவியது போலிருக்கும். குறுக்குவழி என்று அதன்மேல் இறங்கி கணுக்காலை முறித்துக்கொள்பவர்கள் உண்டு. கோட்டைக்கு மேற்கே மண்பாதை கோல்ஃப் மைதானத்தின் ஓரமாகச் சுற்றிப்போகிறது. அதிலேயே போங்கள். கடலோரத்தில் கிரேமேர் ராக் என்ற சுண்ணாம்புப்பாறை மடிப்பு தெரியும். பாயைச் சுருட்டும்போது பாதியில் நிறுத்தியது போல அடுக்கடுக்காக வளைந்திருக்கும். வற்று நேரத்தில்தான் அதன் முழு வடிவமும் வெளியே வரும். கற்கள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இறங்குங்கள்.

இனி வழிகாட்ட ஒன்றுமில்லை. கடினமான ஈர மணல், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். திரும்பிப் பார்த்தால் நீர்ப்படலத்தில் கோட்டை தலைகீழாகத் தெரியும். டர்னர் முதலிய ஓவியர்கள் இந்தக் கோட்டையை வரைந்தார்கள் என்றால் காரணம் கேட்கவே வேண்டாம். பாதி வழியில் எம்பிள்டன் ஓடை குறுக்கே வரும். வற்று நேரத்தில் கணுக்கால் அளவு, மழைக்குப் பின் முழங்கால் வரை. ஆழமாகத் தெரிந்தால் மணல்மேட்டுக்குள் நடைபாலம் இருக்கிறது.

கடலில் இறங்குவது பற்றி: கோடையின் உச்சத்திலும் இந்தக் கடல் 13, 14 டிகிரியைத் தாண்டுவது அரிது. திடீரென்று இறங்கினால் மூச்சு அடைக்கும். விரிகுடாவின் திறந்த பகுதியில் இழுப்பு நீரோட்டம் உண்டு, கரைக்காவலர் இருப்பார் என்று எண்ணி இறங்கக் கூடாது. குளிக்க வேண்டுமென்றால் பாறைத்திட்டு அரணாக நிற்கும் நியூட்டன் ஹேவனில், ஊருக்கு முன்னால், இடுப்பளவு நீரில் குளியுங்கள். மூச்சு முட்டினால் போராடாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகு கரைக்கு வாருங்கள். ஆபத்தென்றால் 999 அழைத்து ‘கோஸ்ட்கார்ட்’ என்று கேட்க வேண்டும். கிராஸ்டரில் 1969 முதல் உயிர்காப்புப் படகு நிலையம் இயங்குகிறது.

படி 7: லோ நியூட்டன்

சதுக்கத்துப் புல்லில் உட்காருங்கள். ஷிப் இன் விடுதியில் உணவும் அங்கேயே காய்ச்சும் பியரும் கிடைக்கும். இடம் சிறியது, கூட்ட நாளில் காத்திருக்க வேண்டும். ஊரின் பெரும்பகுதி நேஷனல் டிரஸ்ட் பொறுப்பில் இருப்பதால்தான் இந்த வரிசை வீடுகளுக்கு நடுவே புதுக்கட்டடம் முளைக்கவில்லை. அந்த வீடுகளின் சன்னல்கள் உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். உள்ளே எட்டிப் பார்ப்பதும், திண்ணைச் சுவரில் பையை வைப்பதும் வேண்டாம்.

ஊருக்குத் தெற்கே மணல்மேட்டின் பின்னால் நியூட்டன் குளம். பறவை பார்ப்பதற்கென்று மரக்குடில்கள் உண்டு. இருபது நிமிடம் பேசாமல் உட்கார்ந்தால் போதும். துறையில் ஈடர் வாத்துகள் மிதக்கும். வட இங்கிலாந்துத் துறவி கத்பர்ட்டின் பெயரைச் சுருக்கி அவற்றைக் ‘கடி’ வாத்து என்பார்கள். ஆண் வாத்தின் குரல், ஏதோ வியப்பான செய்தியைக் கேட்டவர் ‘ஊ’ என்று இழுப்பது போல இருக்கும்.

கால் ஒத்துழைத்தால் வடக்கே இன்னும் சுமார் 3 கிலோமீட்டர் நடந்து லாங் நானி ஓடைமுகத்துக்குப் போகலாம். ஆர்க்டிக் ஆலாக்களும் சிற்றாலாக்களும் அங்கே வெறும் மணலில் முட்டையிடுகின்றன. தென்துருவக் கடல் வரை போய்த் திரும்பும் பறவை ஆர்க்டிக் ஆலா. உயர்ந்த கடலில் அடித்துப்போகாதிருக்கச் சில கூடுகளை நேஷனல் டிரஸ்ட் காவலர்கள் மேடாக்கி வைக்கிறார்கள். பருவம் முழுவதும் கூடாரமடித்து இரவும் பகலும் காக்கிறார்கள். மே முதல் ஆகஸ்ட் வரை கயிறு கட்டிய எல்லைக்குள் ஓர் அடிகூட வைக்காதீர்கள். மணல்நிற முட்டை மணலில் தெரியாது, மிதித்தபிறகுதான் தெரியும். தலைக்கு மேல் பறவை பாய்ந்து கத்தினால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். 2023இல் பறவைக்காய்ச்சல் இந்தக் கூட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. இறந்து கிடக்கும் பறவையைத் தொடவே கூடாது, குழந்தைகளையும் நாயையும் விலக்கி வையுங்கள்.

படி 8: திரும்பும் வழி

இதற்குள் கடல் ஏறத் தொடங்கியிருக்கும். வந்த மணலில் திரும்ப வேண்டாம், மணல்மேட்டின் மேலே போகும் கரைப்பாதையைப் பிடியுங்கள். மேலிருந்து பார்த்தால் காலையில் நடந்த இடமெல்லாம் நீராகியிருக்கும். ஜூன், ஜூலையில் மாவட்டத்தின் மலரான ‘ப்ளடி கிரேன்ஸ்பில்’ புல்லுக்கிடையே அடர்ந்த செம்மெஜந்தா நிறத்தில் பூத்திருக்கும். இரண்டாம் உலகப்போரின் கான்கிரீட் காவல்அறை ஒன்று கோல்ஃப் மைதானத்தருகே நிற்கிறது. போட்ட பாதையிலேயே நடங்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்த உயரமான புல்லின் வேர்தான், மிதித்து அது செத்தால் மேடு காற்றோடு போய்விடும். இங்கே அடுப்பு மூட்டவே கூடாது.

களைத்துவிட்டால் கிராஸ்டர் வரை நடக்காமல் எம்பிள்டன் ஊருக்குத் திரும்பி அங்கே பஸ் பிடிக்கலாம், லோ நியூட்டனிலிருந்து முக்கால் மணி நேர நடை. கிராஸ்டருக்கே வந்தவர்கள் கடை அடைக்கும் முன் கிப்பரை வாங்கி, இரண்டு பைகளில் இறுகச் சுற்றிக்கொள்ளுங்கள்.

கிப்பர் குளிர்ந்த புகையில் பதமானது, சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். மறுநாள் காலையில் உயரமான கூஜா ஒன்றில் வாலை மேல்பக்கமாக வைத்து நிறுத்தி, மீன் மூழ்கும்படி கொதிக்கும் நீரை ஊற்றி மூடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் சதை எலும்பைவிட்டு விலகும். வாலைப் பிடித்து எடுத்து நீரை வடித்து, மேலே கொஞ்சம் மிளகு தூவுங்கள். சூடான சோற்றோடும் நன்றாகவே சேரும்.